நானூற்று எண்பது மார்க், கைக்கு வந்தது பாதி

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பில் எந்தக் கறையையும் போக்கிவிடலாம். சம்பளச் சீட்டில் விழுந்த பிடித்தத்தைப் போக்குவதுதான் சலவைக்காரிக்குப் பெரும்பாடு.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கிருஷ்ணகிரியில் கன்னியர் நடத்தும் ஓர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் துணி வெளுத்தேன். 1967-ல் அவர்களுடைய ஜெர்மனி மடத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு வருஷத்துக்கு ஆள் கேட்டார்கள். நர்ஸ் படிக்கச் சின்னப் பெண்கள் எட்டுப் பேர், சலவைக்கு நான் ஒருத்தி. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஏரோப்ளேனில் ஏறியதிலிருந்து இறங்குகிறவரை எதற்கெடுத்தாலும் கவலைப்பட்டேன். இறங்கிய பிறகு கவலைப்பட உண்மையான விஷயமே கிடைத்துவிட்டது.

நான் போனது ஒரு மாவு மில்லுக்காக. எங்கள் குருபரப்பள்ளி பெரிய ரோட்டின் மேல் இருந்தும், ராகி அரைக்கக் கிருஷ்ணகிரிக்கோ சூளகிரிக்கோ பஸ் ஏற வேண்டும்; இல்லாவிட்டால் வீட்டில் கல்லைச் சுற்றிச் சுற்றித் தோள் போக வேண்டும். ஐந்து குதிரை மோட்டாரும் கல்லும் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றார் கிருஷ்ணகிரி மெஷின் கடைச் செட்டியார். என் அம்மா வீட்டில் போட்ட நாலு பவுன் சங்கிலியை விற்று ஐந்நூறு முன்பணம் கட்டினோம். மீதி இரண்டாயிரம் அடுத்த சித்திரை முடிவதற்குள் வர வேண்டும். வராவிட்டால் ஊத்தங்கரைக்காரர் ஒருவர் ரொக்கத்தோடு நிற்கிறார், மெஷினும் அவருக்கு, முன்பணமும் போச்சு. இதுதான் பேச்சு. வெளிநாட்டுச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்த அக்கா தங்கைகளே, மேற்கொண்டு உங்களுக்கே புரியும்.

ஊட்டா ஆய்த்தா?

ரைன் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். ஆஸ்பத்திரிக்கு அடியில், பாதி தரைக்குள் இறங்கிய மாதிரி சலவைக்கூடம். எங்கள் ஊர்ப் பஸ் அளவுக்கு ஒரு மெஷின், உள்ளே துணி உருளுகிற சத்தம். சுற்றிலும் வெள்ளைக்காரிகள். ஒருத்தி ஏதோ சொல்லிக் கையை நீட்டினாள். சோப்பா, விரிப்பா, என் கையா, எதைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. மூன்றையும் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

அப்போது சலவைக்குப் பொறுப்பான சிஸ்டர் பெனெடிக்டா வந்தார். அறுபது வயது, ஆறடி உயரம், கன்னம் ஆப்பிள் மாதிரி. குனிந்து என்னைப் பார்த்தார். மைசூர்ப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம் இருந்தவராம் அவர். எனக்குத் தமிழ் வீட்டில், தெலுங்கு சந்தையில், கன்னடம் தெருவில். பிறந்த வீடு ஓசூருக்கு அந்தப் பக்கம். கடல் கடந்து, கண்டம் கடந்து, அந்த நிலவறையில் ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீ, சாப்பிட்டாயா என்று என் தெருப் பாஷையில் கேட்டார்:

"ஏனம்மா, ஊட்டா ஆய்த்தா?"

முதல் சீட்டு

ஊரில் வந்த கடிதத்தில் மாதம் நானூற்று எண்பது மார்க் என்று போட்டிருந்தது. நம் பணத்தில் தொள்ளாயிரம் ரூபாய். எங்கள் தாசில்தாருக்குக்கூட அவ்வளவு இருக்குமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மூன்றே மாதத்தில் செட்டியார் கணக்கை முடித்துவிடுவதாக நான் ஏரோப்ளேனிலேயே முடிவு செய்திருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நீளமான சீட்டும் ஒரு கவரும் வந்தன. கவரில் இருநூற்று முப்பத்தொன்பது மார்க். இரண்டு தடவை எண்ணினேன். கவரைத் தலைகீழாக உதறினேன். யாரோ வழியில் எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். என் அறையில் கூடத் தங்கிய செலின் சிங்காரப்பேட்டைப் பெண், நர்ஸ் படிப்புக்கு வந்தவள், அதற்குள் நாலு வார்த்தை ஜெர்மன் கற்றிருந்தாள். விரலை வைத்து வாசித்தாள். சாப்பாடும் அறையும் நூற்று முப்பது, வரி நாற்பத்தாறு, வைத்தியத்துக்கு இருபத்து நாலு, வயசான காலத்துக்கு முப்பத்து நாலு, வேலை போனால் என்று மூன்று, இன்னும் ஏதோ ஒன்றுக்கு நாலு. அவள் சீட்டை மடித்து என் கையில் வைத்துச் சொன்னாள்:

"அக்கா, இந்த ஊர்ல சம்பளம் வேற, கையில வர்றது வேற. நாம வேலை செய்யறது முதல் சம்பளத்துக்கு, சாப்பிடறது ரெண்டாவது சம்பளத்துல."

சாப்பிடாத சோறு

நூற்று முப்பது சாப்பாட்டுக்கும் அறைக்கும் என்று தெரிந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அதுவரை நான் அந்தச் சாப்பாட்டு அறைக்குப் போய்ப் பாதித் தட்டோடு எழுந்து வந்துகொண்டிருந்தேன். உப்பில்லாத உருளைக்கிழங்கு, புளித்த முட்டைக்கோசு, கருப்பு ரொட்டி. களி தின்று வளர்ந்த வயிறு அதை ஏற்கவில்லை. சாப்பிடாவிட்டால் பிடிக்க மாட்டார்களா என்று சிஸ்டரைக் கேட்டேன். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பிடிப்பார்கள் என்றார்.

அன்றிலிருந்து விட்டேனா பார். காலையில் ஆறு துண்டு ரொட்டி. மத்தியானம் இரண்டு தடவை வரிசையில் நின்றேன். சாயங்காலம் ஜாம் கிண்ணத்தை வழித்து எடுத்தேன். வாரக் கடைசியில் ரவிக்கைக் கொக்கி போடவில்லை, அதற்கு வேறு துணி வாங்க வேண்டிய செலவு. நூற்று முப்பது மார்க்கையும் தின்றே தீர்த்துவிடுவது என்ற வைராக்கியத்தில் ஒரு நாள் குழம்புத் தட்டை ரொட்டியால் துடைத்துக்கொண்டிருந்தபோது சமையல்காரம்மா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்:

"பூப்போட்ட தட்டு அது, லூர்தம்மா. பூவை மட்டும் விட்டுவிடு."

பெரிய எழுத்தில் மதம்

அந்த 'இன்னும் ஏதோ ஒன்றுக்கு நாலு' என்னை விடவில்லை. அது கோயில் வரி என்று பிறகு தெரிந்தது. வந்த மறுநாளே டவுன் ஆபீசில் எங்கள் பெயரைப் பதிந்தார்கள். எந்த மதம் என்று ஒரு கட்டம். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும், மடத்தில் வேலை கிடைக்கும். நான் நெஞ்சை நிமிர்த்திக் 'கத்தோலிக்' என்று சொன்னேன். கிளார்க் சரியாக எழுதினாரா என்று எட்டியும் பார்த்தேன். அவர் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார், அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நான் கோயிலுக்குக் கொடுக்காதவள் இல்லை. அறுப்பு முடிந்தால் முதல் மரக்கால் ராகி கோயிலுக்குத்தான். ஆனால் அது நான் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவது. இங்கே என்னைக் கேட்காமலே எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசையில் தட்டையும் நீட்டினார்கள். தட்டு என் முன்னால் வந்தது. சீட்டிலேயே கொடுத்தாகிவிட்டது என்று தலையை ஆட்டினேன். தட்டு நகரவில்லை. பிடித்திருந்த பெரியவருக்கு என் தலையாட்டல் புரியவில்லை. நம் ஊரில் தலையாட்டினால் ஆமாம் என்றும் இருக்கலாம், இல்லை என்றும் இருக்கலாம். பின் வரிசையிலிருந்து செலின் என் காதில் சொன்னாள்:

"அக்கா, அடுத்த வாரம் தட்டு வரும்போது கண்ணை மூடிக்குங்க, ஜெபம் பண்றீங்கன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுவாங்க."

கிழவிக்குச் சேரும் பணம்

இஸ்திரி மேஜையில் எனக்கு எதிரே நிற்கிறவள் பிலார், ஸ்பெயின்காரி. ஆறு வருஷமாக அங்கே இருந்தாள். என்னைப் போலவே வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டு வந்தவள். விரிப்பின் இரண்டு மூலையை அவள் பிடிப்பாள், இரண்டு மூலையை நான் பிடிப்பேன். மடிக்க மடிக்க ஒருவரை ஒருவர் நெருங்கி வருவோம், பக்கத்தில் வந்ததும் ஒரு வார்த்தை பேசுவோம், பிறகு அடுத்த விரிப்பு. இப்படித்தான் ஒரு மாதத்தில் அவளுடைய உடைந்த ஜெர்மனும் என்னுடைய உடைந்த ஜெர்மனும் சேர்ந்து ஒரு முழுப் பாஷை ஆயிற்று.

வயசான காலத்துக்கு என்று பிடிக்கிறார்களே, நமக்கு எப்போது தருவார்கள் என்று கேட்டேன். கிழவியான பிறகு என்றாள். நான் இரண்டு வருஷத்தில் போய்விடுவேனே என்றேன். போனவர்கள் எழுதிக் கேட்டால் கொஞ்ச காலம் கழித்துத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள், ஆனால் அதற்குப் பழைய சீட்டெல்லாம் வேண்டும் என்றாள். உன்னுடைய சீட்டெல்லாம் எங்கே என்றேன். அடுத்த விரிப்பு மடிந்து பக்கத்தில் வந்ததும் சொன்னாள்:

"அடுப்புப் பற்றவைக்க நல்ல தாள் அது, லூர்தம்மா. ஆறு வருஷம் என் காப்பி அதில்தான் கொதித்தது."

அன்றே நான் ஒரு பிஸ்கட் டின் தேடிப் பிடித்தேன். சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, பஸ் டிக்கெட்கூட அதில் போட்டேன்.

பிடிக்கிறவன் பெயர்

மாதம் நூற்று எண்பது மார்க் ஊருக்கு அனுப்பினேன். எண்பது வீட்டுச் செலவுக்கு, நூறு மில்லுக்கு. முதல் மாதம் மட்டும் அனுப்பவில்லை. கோட்டும் பூட்சும் வாங்கிவிட்டேன், குளிர் அப்படி. எப்படிக் கூட்டினாலும் சித்திரைக்குள் மில் கணக்கில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் சேரும். ஐந்நூறு குறைகிறது. சரியாக என் சங்கிலி அளவுக்கு.

இதை என் வீட்டுக்காரருக்கு எழுதினேன். அவர் ரோடு கான்ட்ராக்டரிடம் கூலிக்குப் போகிறவர். நல்ல மனுஷர், கோபம் முன்னால் வரும், யோசனை பின்னால் வரும். தொள்ளாயிரம் ரூபாய் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ரோட்டோரத்தில் மில்லுக்கு இடம் கொடுத்தவரிடமும் சொல்லியிருந்தார். அவருடைய பதில் பத்து நாளில் வந்தது. நலம், பிள்ளைகள் நலம், ஆடு நலம். அதற்குக் கீழே பேனாவை அழுத்தி எழுதியிருந்தார்:

"மாதாமாதம் உன் சம்பளத்தில் கை வைக்கிறவன் யார் என்று பெயரும் விலாசமும் எழுது. நான் பார்த்துக்கொள்கிறேன்."

நாலு பேர், நாலு பெயர்

விலாசம் எனக்குத் தெரிந்தேயிருந்தது: பஸ்ஸில் இரண்டு மைல், வரி ஆபீஸ். புது வருஷம் பிறந்ததும் சிஸ்டர் ஒரு சேதி சொன்னார். வருஷத்தில் ஐந்து மாதம்தான் வேலை செய்தவள், ஊரில் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவள் என்று இரண்டையும் நிரூபித்துக் கேட்டால், பிடித்த வரியைத் திருப்பித் தருவார்களாம். கேட்காவிட்டால் தர மாட்டார்களாம். ஐந்து மாத வரி இருநூற்று முப்பது மார்க், கோயில் வரி இருபது. ரூபாயில் கிட்டத்தட்ட நானூற்று எழுபது! நான் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு நின்றேன். சிஸ்டரும் கூட வந்தார்.

வரி ஆபீஸ் கிளார்க் மெலிந்த மனுஷர், மூக்கு நுனியில் கண்ணாடி. ரசீதுகளை வரிசையாக வைத்தார், என் பாஸ்போர்ட்டை வைத்தார், பார்த்தார், மறுபடி பார்த்தார். நான் அருளப்பன் லூர்தம்மாள். பணம் போவது என் வீட்டுக்காரர் சூசை அருளப்பனுக்கு. பிள்ளைகள் அருளப்பன் சகாயராஜ், அருளப்பன் ஆரோக்கியமேரி. அந்த ஊரில் கடைசியில் நிற்கிற பெயர்தான் குடும்பப் பெயர், வீட்டில் எல்லோருக்கும் ஒன்று. அவர் கண்ணுக்கு நாங்கள் நாலு பேரும் ரயிலில் சேர்ந்து உட்கார்ந்த நாலு அந்நியர்கள். மாமனார் பெயர் என் வீட்டுக்காரருக்கு முன்னால், அவர் பெயர் எனக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால், மகன் பெயர் நாளைக்குப் பேரனுக்கு முன்னால் என்று நான் கன்னடத்தில் சொல்ல, சிஸ்டர் ஜெர்மனில் சொல்ல, கிளார்க் தாளில் படம் போட்டுப் பார்த்தார். அப்படியானால் குடும்பத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார். குடும்பத்துக்குப் பெயர் இல்லை, குடும்பம் இருக்கிறது என்றேன். திருமணத்துக்கும் பிள்ளைகளுக்கும் அத்தாட்சி கொண்டு வாருங்கள், ஏப்ரல் முடிவதற்குள் வர வேண்டும் என்றார். நாங்கள் எழுந்தபோது அவருக்குள் இருந்த கேள்வி வெளியே வந்துவிட்டது:

"மன்னிக்க வேண்டும், உங்கள் ஊரில் தபால்காரர் எப்படிப் பிழைக்கிறார்?"

முன்சீப் முத்திரை

உடனே ஊருக்கு எழுதினேன். என் வீட்டுக்காரர் கிராம முன்சீப்பைப் பிடித்தார். முன்சீப் சும்மா எழுதுவாரா? வெளிநாட்டுக்குப் போகிற காகிதம் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினார். மேற்படி அருளப்பன் மேற்படி லூர்தம்மாளின் சட்டப்படியான புருஷன் என்பதையும், மேற்படியார்களுக்கு மேற்படி இரண்டு பிள்ளைகள் என்பதையும் இதனால் அறியவும். ஊதா மையில் மூன்று முத்திரை. பார்த்ததும் எனக்கே என் கல்யாணத்தின் மேல் மரியாதை வந்தது.

கிளார்க் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பினார். எழுத்து மிக அழகு என்றார். ஆனால் சர்க்கார் ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து வேண்டும் என்றார். தமிழுக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று போனில் விசாரித்தார். பெரிய நகரத்தில் ஒருவர் இருக்கிறாராம், அவருக்கு இந்தி தெரியுமாம். மார்ச் பிறந்துவிட்டது. அவர் காகிதத்தை இரண்டு கையாலும் எனக்குத் திருப்பிக் கொடுத்தார்:

"இது ஒரு திருமணச் சான்றிதழ் என்று நான் நம்புகிறேன், அம்மா. ஆனால் இது ஒரு பாட்டாகவும் இருக்கலாமே."

எனக்கும் படிக்கத் தெரியாத சீட்டு

ஒரு வாரம் எனக்கு ரொட்டியும் இறங்கவில்லை. ஊத்தங்கரைக்காரர் என் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு மத்தியானம் சலவைக்கூடத்தில் சிஸ்டர் பெனெடிக்டா தம் பழைய ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு மெஷினைப் பார்க்கப் போனார். திறந்திருந்த பக்கத்தை நான் சும்மா பார்த்தேன். எனக்கு ஆங்கில எழுத்துக் கூட்டத் தெரியும். அந்த வார்த்தைகளின் வாலை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எல்லாம் 'உஸ்', 'உம்' என்று முடிகிறது. எங்கே, எங்கே என்று விரிப்பை மடித்துக்கொண்டே யோசித்தேன். பாஸ்போர்ட்டுக்காகக் கிருஷ்ணகிரிக் கோயிலில் எழுதிக் கொடுத்த கல்யாணச் சீட்டு! ஊர் மடத்தில் வாங்கி வைத்துக்கொண்ட அந்தச் சீட்டை எனக்குப் படிக்கத் தெரியாது. பங்குச் சாமியார் மட்டும் பெருமையாக லத்தீன் என்று சொன்னார். எங்கள் கோயில் பதிவுப் புத்தகமே லத்தீன்தான்.

சிஸ்டரிடம் ஓடினேன். இந்த ஊரில் படித்தவர்களுக்கு லத்தீன் தெரியுமா என்றேன். பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள் என்றார். அன்றே வீட்டுக்காரருக்குத் தந்தி கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த முதல் தந்தி, வார்த்தைக்கு வார்த்தை காசு. கல்யாணச் சீட்டு, இரண்டு ஞானஸ்நானச் சீட்டு, உடனே. ஏப்ரல் இரண்டாவது வாரம் கவர் வந்தது. கிளார்க் மேஜையில் வைத்தேன். அவர் உதடு அசைய ஆரம்பித்தது. சூசையின் மகன் அருளப்பன், லூர்தம்மாளைக் கைப்பிடித்தான். சகாயராஜ், அந்த இருவரின் மகன். ஆரோக்கியமேரி, அந்த இருவரின் மகள். ஒவ்வொரு வரியும் வாசித்து விரலால் தம்முடைய படத்தில் ஒரு கோடு போட்டார். நாலு அந்நியர்களும் ஒரு வீடு ஆனார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இந்தப் பாஷைக்காக என் காதைத் திருகினார்கள். ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது."

தபால்காரர் எண்ணிய பணம்

அந்த ஊரில் பணத்தைத் தபால்காரரே தோல் பையில் கொண்டு வந்து எண்ணிக் கொடுப்பார். ஏப்ரல் கடைசி வாரம் சலவைக்கூடத்துக்கே இறங்கி வந்தார். அருளப்பன் லூர்தம்மாள் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். இருநூற்று ஐம்பது மார்க், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். பிலார் விரிப்பை விட்டுவிட்டுக் கை தட்டினாள். அன்று சாயங்காலமே ஆறு பேர் தங்கள் சீட்டுகளைக் கொண்டு வந்து என் கட்டிலில் கொட்டினார்கள். எது வரி, எது வைத்தியம் என்று நான் விரல் வைத்துக் காட்டினேன். ஆறாவது வரைக்கும் படித்தவள்!

ஒன்றுதான் உறுத்தியது. அந்த இருநூற்று ஐம்பதில் கோயில் வரி இருபதும் திரும்பி வந்திருக்கிறது. கோயிலுக்குப் போன காசு, அதுவும் கோயில் கொடுத்த சீட்டைக் காட்டியே வாங்கியிருக்கிறேன். இது பாவமா என்று சிஸ்டர் பெனெடிக்டாவிடம் கேட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு கன்னடத்தில் மெல்லச் சொன்னார்:

"பாவம் இல்லை, லூர்தம்மா. ஆனாலும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைச் சொல்லாதே, அவருக்குத் தூக்கம் போய்விடும்."

அந்தோணியார் கிடா

அவசரமாக அனுப்பியதில் பாங்குக்காரர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, ஊரில் கைக்குக் கிடைத்தது நானூற்று அறுபத்தைந்து ரூபாய். முப்பத்தைந்து குறைகிறது. சித்திரை முடிய நாலு நாள். நான் அங்கே விரல் விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். கடிதம் வருகிற வரை எதுவும் தெரியாது. சோப்புக்குப் பதிலாக மெஷினில் கஞ்சிப் பசையைக் கொட்டி, ஒரு வார்டு விரிப்பு முழுவதையும் அட்டை மாதிரி ஆக்கினேன்.

கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு கிடா வளர்ந்துகொண்டிருந்தது, நான் நல்லபடியாகத் திரும்பி வந்தால் அந்தோணியார் திருநாளுக்கு வெட்டிச் சோறு போடுவதாக நேர்ந்து விட்ட கிடா. என் வீட்டுக்காரர் அதைக் குருபரப்பள்ளி ரோட்டிலேயே நிறுத்தி ஒரு லாரிக்காரரிடம் முப்பத்தெட்டு ரூபாய்க்கு விற்றிருக்கிறார். செட்டியார் கடைப் பூட்டைத் திறக்கும்போதே போய் நின்று இரண்டாயிரத்தையும் எண்ணி வைத்துவிட்டார். மிச்சம் மூன்று ரூபாய்க்கு மெழுகுவர்த்தி. எனக்குச் சந்தோஷமா பயமா தெரியவில்லை. கடைசி வரி இது:

"அந்தோணியார் ஒரு வருஷம் பொறுப்பார். செட்டியார் ஒரு நாள் பொறுக்க மாட்டார்."

மாவு குறையுது

1969 ஆவணியில் நான் திரும்பி வந்தபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தோணியாருக்கு ஒன்றுக்கு இரண்டு கிடாவாகத் தீர்த்துவிட்டோம். இப்போது காலையில் மோட்டார் சுவிட்சைப் போடுகிறவள் நான்தான். வெள்ளைத் தூளில் தலை முதல் கால் வரை மூழ்கி நிற்கிறேன். என் வீட்டுக்காரர் தராசில். வயசான காலத்துப் பிடித்தத்துக்கும் நேரம் வந்தால் எழுதிக் கேட்கக் காகிதம் தயாராக டின்னில் இருக்கிறது.

போன வாரம் ஒரு பெண், நாட்றாம்பாளையத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தவள், அம்மா வீட்டுக்கு வந்தவள், ஒரு மரக்கால் ராகி கொண்டு வந்தாள். அரைத்து முடித்ததும் மாவை எடை போட்டுப் பார்த்தாள். குறைந்தது. என்னாத்துக்குக் குறையுது என்று கேட்டாள். கல்லில் கொஞ்சம் ஒட்டும், குழாயில் கொஞ்சம் நிற்கும், காற்றில் கொஞ்சம் போகும், எந்த மில்லிலும் இப்படித்தான் என்று நான் ஒவ்வொன்றாக விரல் விட்டுச் சொன்னேன். சொல்லும்போதே செலின் விரல் வைத்து வாசித்த முதல் சம்பளச் சீட்டு எனக்கு ஞாபகம் வந்தது. அவள் விடவில்லை. குழாயின் நுனியில் கட்டியிருக்கும் துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி ஓங்கித் தட்டினாள். பொலபொலவென்று ஒரு கைப்பிடி மாவு விழுந்தது. அதை மடியில் வாங்கிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னாள்:

"ரெண்டு வருஷம் வெளிநாடு போய் நீ கத்துக்கிட்டு வந்தது இதுதானாக்கா?"

எந்த ஊர்க் கல்லில் போட்டாலும் போட்டதெல்லாம் மாவாக வெளியே வராது, ஆனால் பையைத் தட்டாமல் வீட்டுக்குப் போகிறவளுக்கு ஒரு கைப்பிடி எப்போதும் நஷ்டம்.